சேவியர் சங்கம்

ஒதியம்பட்டு,
1-10-2024

என் அருமை மருமகள் அருள்மொழிக்கு,

உன் தாய்மாமன் குழந்தைவேல் எழுதுவது. இங்கே நானும் உன் அத்தை செங்கமலமும் உன் அப்பாவும், மழைக்கு முந்தின புழுக்கம் ஒன்றைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்கிறோம். பெங்களூரில் இந்நேரம் குளிர் தொடங்கியிருக்கும். ஸ்வெட்டர் போடாமல் டியூட்டிக்குப் போகாதே.

விடுதி அறையில் நாலு பேர் இருக்கிறார்கள், போனில் எதையும் பேச முடியவில்லை, எழுதி அனுப்புங்கள் மாமா என்று சொன்னாய். சரியான ஆளிடம்தான் சொன்னாய். நான் படித்தது ஆறாவது என்றாலும் அந்தக் காலத்து ஆறாவது இந்தக் காலத்து பி.ஏ.வுக்குச் சமம். எங்கள் வாத்தியார் பிரெஞ்சுக்காரர்களிடமே நேராகப் படித்தவர். அவர் ஒரு தடவை என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, இதைக் கோர்ட்டிலேயே வைக்கலாம்டா என்று சொல்லியிருக்கிறார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று உன் அத்தை கேட்கிறாள். எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே எழுதுவது என் பழக்கம். அதனால் அரிசி களைந்தபடியே அவளும் நடுவில் நுழைகிறாள். நீ கண்டுகொள்ளாதே.

உன் அப்பாவிடம் நான் மூச்சு விடவில்லை. அவர் கரும்புக்குத் தோகை உரிக்க ஆள் கிடைக்காத கவலையில் இருக்கிறார். தெரிந்தால், போதும், வேலையை விட்டுவிட்டு வா என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

நீ சொன்னதை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேனா, பார். போன மாதம் ஒரு சாயங்கால டியூட்டி. இருபத்திரண்டு நோயாளிக்கு நீ ஒருத்தி. பத்தாம் படுக்கைக்குப் போட வேண்டிய ஊசி மருந்து பன்னிரண்டாம் படுக்கைப் பெரியவருக்குப் போய்விட்டது. இரண்டு குப்பிக்கும் ஒரே நீல மூடி. அவருக்குத் தலை சுற்றி, ரத்த அழுத்தம் இறங்கியது. நீயே ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னாய். மறுநாள் எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார், மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட்டார். இப்போது ஆஸ்பத்திரி நிர்வாகம் ஒரு தாளை நீட்டுகிறது. நடந்தது முழுக்க என் கவனக்குறைவு, அன்று வார்டில் போதுமான நர்சுகள் இருந்தார்கள் என்று அவர்களே அடித்து வைத்த தாள். பதினேழாம் தேதி விசாரணைக்குள் அதில் கையெழுத்துப் போட்டு, நீயாகவே வேலையை விட்டுப் போனால், அவர்கள் பூட்டி வைத்திருக்கும் உன் சான்றிதழ்களைத் திருப்பித் தருவார்கள். போடாவிட்டால் உன் பெயரை நர்சிங் கவுன்சிலுக்கு எழுதுவோம் என்று மிரட்டல். அங்கே இருக்கிற நர்ஸ் சங்கத்துக்காரர்களோ, கையெழுத்துப் போடாதே, நடந்ததை நடந்தபடி எழுதிக் கொடு, விசாரணை அன்று நாங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறோம் என்கிறார்கள். இரண்டில் எது என்று என்னைக் கேட்டாய்.

சங்கம் என்ற அந்த ஒரு சொல்லில், அருளு, என் மனசு இருபத்தாறு வருஷம் பின்னால் ஓடிவிட்டது.

இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம் என்றால் வில்லியனூரில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையை உன் அம்மா போய்த் திறப்பாள். வில்லியனூர், பாகூர் என்ற இரண்டு கொம்யூன் பஞ்சாயத்திலும் சுகாதார நிலையங்களில் வேலை பார்த்த நர்சுகள் ஒவ்வொருத்தராக வந்து சேர்வார்கள். பாகூர் பக்கத்துக்காரர்கள் புதுச்சேரி டவுனுக்குப் போய் பஸ் மாறி வர வேண்டும். எல்லாருக்கும் வெள்ளைப் புடவை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்காருவார்கள். கரும்பலகையில் வாய்ப்பாடு அழிக்காமல் இருக்கும். உன் அம்மா அமுதம் செயலாளர். நான் மைக் செட். குழந்தைவேல் சவுண்ட் சர்வீஸ் என்றால் சங்கராபரணி ஆற்றுக்கு இரண்டு கரையிலும் தெரியாத ஆள் கிடையாது. முப்பது பேருக்கு மைக் எதுக்குடா என்பாள் உன் அம்மா. சங்கம் என்று ஒன்று இருந்தால் மைக் இருந்தே ஆக வேண்டும் அக்கா என்பேன்.

சங்கம் என்றால் சண்டை போடுவார்கள், கொடி பிடிப்பார்கள் என்று நினைத்துத்தான் நானும் முதல் தடவை ஆம்ப்ளிஃபையரைத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே பார்த்தால் ஒருத்தி புதுத் தடுப்பூசியை எப்படிப் போடுவது என்று தலையணையில் குத்திக் காட்டுகிறாள். இன்னொருத்தி அரசாங்கத்து உத்தரவை வாசித்து அர்த்தம் சொல்கிறாள். யாருடைய பதிவு முடியப் போகிறது, யார் புதுப்பிக்கவில்லை என்று உன் அம்மா பெயர் பெயராகக் கேட்கிறாள். நாலு வருஷம் மனு மேல் மனு எழுதி ஒரு துணை சுகாதார நிலையத்துக்குக் கழிப்பறை வாங்கினார்கள். அதற்கு ரிப்பன் வெட்டியது நான்தான். கத்திரிக்கோல் கொண்டுபோனதுதான் நீ என்று உன் அத்தை திருத்துகிறாள். கத்திரிக்கோல் இல்லாமல் ரிப்பனை எப்படி வெட்டுவார்கள், நீயே சொல்.

நீயும் அங்கே வந்திருக்கிறாய். நாலு வயசு. நான் மைக் டெஸ்ட் பண்ணும்போது ஓடிவந்து, அம்மா ஒண்ணுக்கு வருது என்று மைக்கில் சொன்னாய். எல்லாரும் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. உன் முதல் மேடை நான் போட்டுக் கொடுத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கிறிஸ்துமஸுக்கு நம் வீட்டுக்குக் கேக் கொண்டு வருவாளே சகாயராணி, அவள் அப்போது சின்னப் பெண், வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அவள் இருந்த சுகாதார நிலையத்தில் ஒரு குழந்தைக்குத் தடுப்பூசிக்குப் பிறகு காய்ச்சல். சகாயராணி ஒரு பாவமும் அறியாதவள். யார் மேலோ போக வேண்டிய பழியை மேலதிகாரி அவள் மேல் போட்டு, ஏனாமுக்கு மாற்றல் உத்தரவு தயார் செய்துவிட்டார். ஏனாம் நம் புதுச்சேரியைச் சேர்ந்த ஊர்தான், ஆனால் ஆந்திராவுக்குள் இருக்கிறது. அந்தக் காலத்தில் நம் அரசாங்க ஊழியர்களைப் பயமுறுத்த அந்த ஒரு பெயர் போதும்.

உன் அம்மா சங்கத்தைக் கூட்டினாள். அதிகாரியையும் அழைத்தாள். நோட்டீஸ் அடிக்கும் பொறுப்பு என்னுடையது. நான் யோசித்தேன். செவிலியர் சங்கம் என்று போட்டால் செவிலியர் மட்டும்தான் வருவார்கள். அதிகாரி பயப்பட மாட்டார். அதனால் வேண்டுமென்றே ஒரு எழுத்தை நீட்டி, ஒரு எழுத்தை விட்டு, சேவியர் சங்கம் என்று அச்சடித்தேன். அதுதான் என் பிளான். மாதா கோயில் பக்கத்திலிருந்து நாற்பது சேவியர்கள் குடும்பத்தோடு வந்து இறங்கிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்து அதிகாரிக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. உன் அம்மா மைக்கைப் பிடித்து முழங்கினாள். அவர் அங்கேயே, எல்லார் கண் முன்னாலும், ஏனாம் உத்தரவைக் கிழித்துப் போட்டார். உன் அம்மாவுக்குச் சேவியரம்மா என்று பட்டப்பெயர் வந்தது அன்றைக்குத்தான். அவள் காலமானபோது ஒட்டின போஸ்டரில்கூட அமுதம் என்கிற சேவியரம்மா என்றுதான் போட்டார்கள். நீயும் பார்த்தாய்.

ஆகையால் பயப்படாதே. அந்தத் தாளைத் தொடாதே. நான் புதுச்சேரி குழந்தைவேலின் மருமகள் என்று நிமிர்ந்து சொல். தேவைப்பட்டால் நானே ஆம்ப்ளிஃபையரோடு வந்து இறங்குகிறேன். பெங்களூருக்கும் ஒரு சத்தம் தேவைதான்.

கையில் மருந்து மாத்திரையோடு நீ நிற்கும் இடமெல்லாம் உனக்குத் துணை இருக்க வேண்டுமென்று திருக்காமீசுவரரை வேண்டி முடிக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும் மாமன்,
கு. குழந்தைவேல்


ஒதியம்பட்டு,
12-10-2024, விஜயதசமி

அன்பு மகளே அருள்மொழி,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஆறே வரி. ஆறு வரியையும் நான் ஆறு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

ஊர்ச் செய்தி முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அத்தை கோபித்துக்கொள்வாள். நேற்று ஆயுத பூஜை. பழைய மைக்கைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். அது பேசி ஒன்பது வருஷமாகிறது. உன் அப்பாவுக்கு ஆள் கிடைத்துத் தோகை உரித்து முடிந்தது. இரண்டு நாளாக வானம் மூடிக்கொண்டு நிற்கிறது. உன் அம்மா நட்ட முருங்கை பூத்திருக்கிறது, மழை வந்தால் எல்லாம் கொட்டிவிடும்.

நீ எழுதியிருந்ததை அப்படியே இங்கே எழுதுகிறேன், நான் சரியாகப் படித்தேனா என்று பார். "மாமா, உங்க கதையில சகாயராணி ஆன்ட்டி எந்தத் தப்பும் பண்ணாதவங்க. அவங்களுக்காக சங்கம் வந்துச்சு, நியாயம். நான் பண்ணினவ. என் கையால தப்பான ஊசியப் போட்டேன். தப்புப் பண்ணினவளுக்காக எந்த மொகத்த வெச்சிக்கினு சங்கத்தக் கூப்புடறது? கையெழுத்துப் போட்டுட்டு வந்துடறேன். அம்மா இருந்திருந்தா அவங்களுக்கே வெக்கமா இருந்திருக்கும்."

கடைசி வரியை உன் அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. வாய்விட்டுப் படிக்க வரவில்லை.

அருளு, உன்னை இந்த முடிவுக்குக் கொண்டுபோய் விட்டது என் கதை. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு பெண் என் வாய்ச்சவடாலை நம்பி வாழ்க்கையைத் தீர்மானிப்பாள் என்று நான் நினைக்கவே இல்லை. இருபத்தாறு வருஷமாக டீக்கடையில், கல்யாண வீட்டில், உன் அம்மாவின் கருமாதியில்கூட அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன். சொல்லச் சொல்ல சேவியர்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே வந்தது. இப்போது இறக்கி எழுதுகிறேன்.

வந்த சேவியர்கள் மூன்று பேர். ஒருவர் ரத்த அழுத்தச் சீட்டோடு வந்த முதியவர். ஒருவர் உறுப்பினர் அட்டை தருவீர்களா என்று கேட்டார். மூன்றாமவர் அந்த வழியாக சைக்கிளில் போனவர், பெயரைப் பார்த்து இறங்கினார். அதிகாரி எதையும் கிழிக்கவில்லை. பிளான் என்றும் ஒன்று இல்லை.

நடந்தது இது. உன் அம்மா நோட்டீசுக்கு வேண்டியதை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தாள். சட்டைப் பையில் வைத்தேன். உன் அத்தை சட்டையைத் துவைத்துவிட்டாள். சீட்டு களியாகிவிட்டது. அக்காவிடம் போய்ச் சொல்ல வெட்கம். நர்ஸ் என்பார்கள், சிஸ்டர் என்பார்கள், செவிலியர் என்ற சொல்லை அதுவரை நான் எழுதிப் பார்த்ததே இல்லை. காதில் கேட்டதுதான். சங்கத்தில் பாதிப் பேர் கிறிஸ்தவப் பெண்கள், ஆகவே யாரோ ஒரு புனித சேவியர் பெயரில் சங்கம் வைத்திருக்கிறார்கள் என்று நானாக முடிவு செய்துகொண்டு, என் கையாலேயே சேவியர் சங்கம் என்று எழுதி அச்சகத்தில் கொடுத்தேன். அச்சகத்துக்காரர் நல்ல மனுஷர். சேவியர் என்று பார்த்ததும் தன்னிடம் இருந்த சிலுவை அச்சு பிளாக்கை எடுத்து நோட்டீசின் மேலே இலவசமாகப் போட்டுக் கொடுத்தார்.

மீதிக் கட்டை உன் அம்மா பிரித்துப் பார்த்தது கூட்டத்தன்று காலையில்தான். திருப்பி அடிக்க நேரமில்லை, ஏற்கனவே பாதி நோட்டீசை நான் சைக்கிளில் போய் ஊர் ஊராக ஒட்டியாகிவிட்டது. நான் எழுதின சீட்டு எங்கடா என்று உன் அம்மா கேட்டாள். அச்சகத்தில் கொடுத்துவிட்டேன், அவன்தான் தப்பாகப் போட்டுவிட்டான் என்றேன். கண் இமைக்காமல் சொன்னேன். அவள் சரி என்று மட்டும் சொன்னாள்.

சகாயராணி விஷயத்திலும் நான் உன்னிடம் பூசி மெழுகிவிட்டேன். அவள் தப்புச் செய்தாள். அன்று தடுப்பூசி நாள். மூன்று நர்சு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இடம் காலி, அறுபது குழந்தைகளுக்கு அவள் ஒருத்தி. தேவி என்று பெயர் கொண்ட இரண்டு குழந்தைகள் வந்திருந்தன. அட்டையைப் பார்க்காமல் தேவி என்று கூப்பிட்டாள். ஊசி போட்டுக்கொண்டு போன தேவியின் அம்மாவே, இன்னொன்று இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துத் திரும்பவும் வந்து குழந்தையை நீட்டினாள். ஒரே குழந்தைக்கு இரண்டு தடவை. சாயங்காலம் அட்டைகளையும் மருந்தையும் ஒத்துப் பார்க்கும்போது சகாயராணிக்குக் கணக்கு இடித்தது. அழுதுகொண்டு உன் அம்மாவிடம் ஓடி வந்தாள். உன் அம்மா அவளை அழைத்துக்கொண்டு அந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, காய்ச்சல் இறங்கும் வரை இரண்டு நாள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். பிறகு சகாயராணியை உட்காரவைத்து நடந்ததை எழுதச் சொல்லி மேலே அனுப்பினாள். அதிகாரி அந்தத் தாளையே சாட்சியாக வைத்துக்கொண்டு ஏனாமுக்குப் போ என்றார்.

அந்த அதிகாரிதான் கூட்டத்துக்கு வந்தார். கையில் என் நோட்டீஸ். எழுந்து நின்று, சொந்தச் சங்கத்தின் பெயரையே எழுதத் தெரியாதவர்கள் மருந்துப் பதிவேட்டை எந்த லட்சணத்தில் எழுதுவீர்கள் என்று கேட்டார். நான் ஆம்ப்ளிஃபையருக்குப் பின்னால் குனிந்து இல்லாத ஒயரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அப்போதே எழுந்து, சார், அது நான் என்று சொல்லியிருக்கலாம். மைக் என் கைக்கு எட்டின தூரத்தில் இருந்தது.

உன் அம்மா எழுந்தாள். முழங்கவில்லை, அதுவும் நான் சேர்த்தது. அவள் குரல் நடுங்கியது, மைக்கில் எல்லாருக்கும் கேட்டது.

"பேர தப்பாப் போட்டது எங்க சங்கந்தான் சார். நான் செயலாளர், அச்சுக்குப் போறதுக்கு முன்னால படிச்சுப் பாக்காம வுட்டுட்டேன். தப்பு என்னுது. இதுக்கு என்னை எங்க மாத்துவீங்க? ஏனாம் போதுமா, இல்ல அதுக்கும் அப்பால எதுனா ஊர் பாக்கணுமா?"

யாரோ ஒரு நர்சு சிரித்துவிட்டாள். உறுப்பினர் அட்டை கேட்ட சேவியரும் சிரித்தார். அதிகாரிக்கே வாய் கோணியது. சிரிப்பு அடங்கட்டும் என்று உன் அம்மா காத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

"அந்தப் பொண்ணு சும்மா இருந்திருந்தா உங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. எழுதிக் குடுத்தா. எழுதிக் குடுத்ததுக்கே ஏனாம்னா, நாளைக்கு எவ எழுதுவா?"

அவ்வளவுதான் அவள் பேசியது. உடனே எதுவும் நடந்துவிடவில்லை. சங்கம் நாலு தடவை மனு கொண்டுபோனது. ஐந்தாவது தடவைதான் ஏனாம் உத்தரவு நின்றது. சகாயராணியின் பணிப்பதிவில் எச்சரிக்கை என்று ஒரு வரி விழுந்தது, அது இன்றும் அங்கேயே இருக்கிறது. காலியிடங்களில் ஒன்றை மட்டும் எட்டு மாதம் கழித்து நிரப்பினார்கள். கிடைத்தது இவ்வளவு.

உன் அம்மாவுக்கு என்ன கிடைத்தது தெரியுமா? அந்தப் பட்டப்பெயர். சேவியரம்மா என்று முதலில் கூப்பிட்டவர்கள் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். பெயர் எழுதத் தெரியாத செயலாளர் என்று அர்த்தம். போகப்போக அந்த அர்த்தம் எல்லாருக்கும் மறந்துபோய்ப் பெயர் மட்டும் நின்றது. யார் கூப்பிட்டாலும் அவள் என்னம்மா என்று திரும்பிப் பார்ப்பாள். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. அச்சகத்துக்காரன் தப்பு என்று நான் சொன்னதை நம்பிவிட்டாள் என்று இருபத்தாறு வருஷமாக நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு சகாயராணி வீட்டுக்குப் போனேன். இப்போது அவள்தான் அந்தச் சங்கத்துக்குச் செயலாளர், உனக்கே தெரியும். படித்தாள். உள்ளே போய் ஒரு பழைய நீள நோட்டைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தாள்.

அந்தக் கூட்டத்துக்கு அடுத்த மாதம் உன் அம்மா தொடங்கின நோட்டு அது. நர்சுகள் தாங்கள் செய்த தப்பையும் செய்ய இருந்து தப்பித்ததையும் அதில் எழுத வேண்டும். என்ன நடந்தது, ஏன் நடந்தது, இனி என்ன செய்வது, மூன்று கட்டம். பெயருக்குக் கட்டமே கிடையாது. இரண்டாம் சனிக்கிழமை அதை வாசித்துப் பேசுவார்கள். ஒரே மாதிரி இருந்த இரண்டு குப்பிகளில் ஒன்றுக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டும் வழக்கம் அந்த நோட்டிலிருந்து வந்தது. குழந்தையின் பெயரோடு அப்பா பெயரும் ஊரும் சேர்த்துக் கூப்பிடுவதும் அதிலிருந்துதான். ஊசிக்கு முன்னால் ஒருத்தி குப்பியின் மேல் இருப்பதை உரக்கப் படிக்க, இன்னொருத்தி திருப்பிச் சொல்லுவாள். உன் அம்மா நம் வீட்டில் சமையல் எரிவாயு ரசீதைக்கூட உன்னைத் திருப்பிப் படிக்கச் சொல்வாளே, அந்தப் பழக்கம் இங்கேதான் தொடங்கியது.

முதல் பக்கத்தைத் திறந்தேன். உன் அம்மாவின் குண்டுக் கையெழுத்து. நோட்டீசில் சங்கத்தின் பெயர் தவறாக அச்சானது. மூலப்படியைச் செயலாளர் படித்துப் பார்க்கவில்லை. இனி எதையும் இருவர் படித்த பிறகே.

அதற்கு நேர் எதிரே, பசை காய்ந்து பழுப்பேறி, ஒரு தாள் ஒட்டியிருந்தது. சேவியர் சங்கம், அனைவரும் வருக. என் கையெழுத்து, அருளு. கோர்ட்டில் வைக்கலாம் என்று வாத்தியார் சொன்ன அதே கையெழுத்து. கூட்டம் முடிந்த மறுநாளே அச்சகத்துக்குப் போய் அதைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள், சகாயராணிதான் சொன்னாள். எல்லாம் தெரிந்துதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். நான் அந்தக் கதையை அளக்கும்போதெல்லாம் மோர் கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போவாளே, அது ஏன் என்று இப்போதுதான் தெரிகிறது.

அடுத்த பக்கத்தில் இரண்டாவது பதிவு சகாயராணியின் கையெழுத்து. இரண்டு தேவிகள். அதற்குப் பிறகு நூற்றுக்கு மேல் இருக்கிறது. நீலம், கறுப்பு, சில இடத்தில் பென்சில். ஒவ்வொரு பக்கத்திலும் ஒருத்தி ஒரு தப்பை எழுதியிருக்கிறாள். தப்பே செய்யாதவர்களின் சங்கமாக இருந்திருந்தால் அந்த நோட்டு வெறும் கோடு போட்ட தாளாகவே இருந்திருக்கும். நீ உன் அம்மா வெட்கப்படுவாள் என்று எழுதினாய். அவள் தன்னைத்தான் முதல் வரியில் வைத்தாள், அதுவும் அவள் செய்யாத தப்புக்கு.

உன்னிடம் கேட்பது இதுதான். அவர்கள் அடித்து வைத்த தாளில் கையெழுத்துப் போடாதே. உன் தாளை நீயே எழுது. நீல மூடிக் குப்பியை மாற்றி எடுத்தேன் என்று முதலில் எழுது, அதை மறைக்க வேண்டாம், மழுப்பவும் வேண்டாம். அன்று இருபத்திரண்டு பேருக்கு நான் ஒருத்தி, கூடப் படித்துப் பார்க்க இன்னொருத்தி இல்லை என்றும் எழுது. அதுவும் நடந்ததுதானே. அதை விட்டுவிட்டால், நாளைக்கு உன் இடத்துக்கு வரும் பெண்ணும் அதே சாயங்காலத்தில் அதே இரண்டு குப்பிகளோடு தனியாக நிற்பாள். வேலை போகலாம். கவுன்சிலுக்கும் எழுதலாம். அப்படியெல்லாம் நடக்காது என்று இந்தத் தடவை நான் உனக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன், எனக்குத் தெரியாது. சான்றிதழைப் பூட்டி வைக்க அவர்களுக்கு உரிமை இல்லை என்று சகாயராணி சொல்கிறாள். பெங்களூர் சங்கத்தில் பேசிவிட்டாள். விசாரணையில் உன் பக்கத்தில் உட்காரப் போகிறவர் பெயர், போன் நம்பர் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாள்.

நான் ஆம்ப்ளிஃபையரோடு வரவில்லை. உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போய் முருங்கைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்தார். பிறகு, அவ அம்மா எழுதச் சொல்லியிருப்பா, எழுதட்டும் என்றார்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. உன் கையில் இதைக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பவள் சகாயராணிதான். நாலு நாள் லீவு போட்டுவிட்டு வருகிறாள். பையில் அந்த நோட்டு இருக்கிறது. உன் அத்தை போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாயும் இருக்கிறது. முதலில் அவளுக்குக் காப்பி வாங்கிக் கொடு. ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்தவள்.

இதுவரை நான் எழுதின எதையும் அடுத்தவர் கையில் கொடுத்துப் பிழை பார்க்கச் சொன்னதில்லை. இதைக் கொடுத்தேன். சகாயராணி சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து பத்தொன்பது இடத்தில் திருத்தினாள். செவிலியர் என்ற சொல்லை மட்டும் இந்தத் தடவை சரியாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா என்றாள்.

நீ உன் தாளை எழுதி முடித்ததும் அவளிடம் கொடு. அவள் உரக்கப் படிக்கட்டும், நீ திருப்பிச் சொல்லு. பிறகு கையெழுத்துப் போடு. எந்த ஊரில், எந்த வார்டில் நின்றாலும், நீ படிப்பதைத் திருப்பிப் படிக்க இன்னொருத்தி உன் பக்கத்தில் இருக்க வேண்டும் மகளே. அதுதான் என் ஆசீர்வாதம்.

எழுதியது: குழந்தைவேல்
படித்துப் பார்த்தது: சகாயராணி